பெர்க்மான்ஸ் உட்கார்ந்த இடத்துத் தண்ணீர்

புன்னைத்துறையில் பெர்க்மான்ஸ் உட்கார்ந்து எழுந்த இடத்தில் தண்ணீர் தங்க ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசையில், சாமியார் நற்செய்தி வாசிக்கப் போகிறார் என்று சனம் மொத்தமும் எழுந்து நின்ற நேரத்தில். அவரும் எழுந்தார், பின்பக்கம் ஏதோ குளிர்ந்தது என்று திரும்பிப் பார்த்தார், பெஞ்சுப் பலகையில் ஒரு டம்ளர் தண்ணீர் கலங்காமல் நின்றது. ஐம்பத்தொன்பது வயது மனுஷன், முப்பத்தெட்டு வருஷமாகச் சந்தியாகப்பர் சப்பரத்துக்குத் தோள் கொடுக்கிறவர், கோயிலுக்குள் வைத்து ஒன்றுக்குப் போய்விட்டோமே என்றுதான் நினைத்தார், அதில் தப்பு ஒன்றும் இல்லை, நீங்களும் நானும் அப்படித்தான் நினைத்திருப்போம். சடாரென்று அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் நிற்கும்போது உட்கார்ந்திருந்தார், முழந்தாள் போடும்போது உட்கார்ந்திருந்தார், நன்மை அப்பம் வாங்கவும் போகவில்லை, கடைசி ஆள் வெளியேறும் வரைக்கும் சுவரில் இருந்த சிலுவைப் பாதைப் படத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் பெஞ்சைத் துடைத்து, துண்டைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, சுற்று வழியாக வீட்டுக்குப் போனார்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் அவர் உட்காரவே இல்லை. நின்றுகொண்டே சாப்பிட்டார், நின்றுகொண்டே வலையில் பொத்தல் அடைத்தார், மீன் ஏலக் கூடத்தில் நின்றுகொண்டே சீட்டாடி, அடுத்தவன் சீட்டை எட்டிப் பார்க்கிறார் என்று திட்டு வாங்கினார். "நின்னுக்கிட்டு தின்னா ஒடம்புல ஒட்டுமா?" என்று பெண்டாட்டி செலின் கேட்டாள். கடலில் மட்டும், ஃபைபர் போட்டின் குறுக்குப் பலகையில், சுற்றிலும் தண்ணீராக இருக்கிற தைரியத்தில் உட்கார்ந்து பார்த்தார். எழுந்தால் அங்கேயும் ஒரு டம்ளர். தொட்டு மோந்தார். வாடை இல்லை, நிறம் இல்லை, நாக்கில் வைத்தால் உப்பும் இல்லை. ஆனால் வெட்கத்துக்கு மூக்கும் நாக்கும் கிடையாதே. பயந்த மனசு பயந்தபடிதான் கிடந்தது.

பன்னிரண்டாம் நாள், இன்ஜின் ஆயில் வாங்கப் போகிறேன் என்று செலினிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, பஸ்ஸில் பாதி சீட் காலியாகக் கிடக்க நின்றுகொண்டே தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே எலும்பு டாக்டர் வஹீதா என்று ஒரு அம்மா, கையெழுத்தும் பேச்சும் ஒரே வேகம். அவர் பெர்க்மான்ஸை ஸ்டூலில் உட்கார வைத்தார், எழுந்திருக்கச் சொன்னார், ஸ்டூலைப் பார்த்தார், துடைக்க ஆள் கூப்பிட்டார், படுக்க வைத்து ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தார், முதுகெலும்பை மேலிருந்து கீழாக விரலால் தட்டிக்கொண்டே வந்தார்.

"ரெண்டு எலும்புக்கு நடுவுல ஜவ்வுன்னு ஒண்ணு இருக்குங்கய்யா. மெத்தை மாதிரி. சின்ன வயசுல அதுல முக்கால்வாசிக்கு மேல தண்ணிதான். வயசாக ஆக வத்தும், மெத்தை அமுங்கும், ஆள் குட்டையாவாங்க. எல்லாருக்கும் வத்தும், எனக்கும்தான். மத்தவங்களுக்கு உடம்புக்குள்ளேயே போயிரும், உங்களுக்கு வெளிய வருது. வேற வித்தியாசம் ஒண்ணும் இல்ல."

"இது சீக்கா டாக்டரம்மா?"

"தலை நரைக்கிறது சீக்கா? முதுகு வலி வந்தா படுத்துக் கிடக்காதீங்க, தினமும் நடங்க. வயித்துத் தசைக்கும் முதுகுத் தசைக்கும் பயிற்சி எழுதித் தாரேன், அதைச் செய்ங்க. குனிஞ்சு பாரம் தூக்காதீங்க. வலி இடுப்போட நிக்கிற வரைக்கும் பொறுமையா சரி பண்ணலாம். ஆனா ஒண்ணு. வலி காலுக்கு இறங்கி, கால் மரத்து, விரலைத் தூக்க முடியலன்னா அன்னைக்கே ஓடி வந்திரணும். ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்குதுன்னு அர்த்தம். நரம்பு நமக்காகக் காத்துக்கிட்டு இருக்காது."

கடைசியாகச் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்த்தார். ஐந்தடி ஐந்து. இருபது வயதில் கப்பல் வேலைக்கு ஆள் எடுத்தபோது பெர்க்மான்ஸ் ஐந்தடி ஏழு. டாக்டர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஆனால் பெர்க்மான்ஸின் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்கு இது புதுச் செய்தி இல்லை, மூன்று வருஷமாகத் தெரிந்த செய்தி, வேறொரு வாயிலிருந்து கேட்டதுதான் புதுசு.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன், அவர் வாயைத் திறக்கக் காத்திருந்தால் நமக்கு நரைத்துவிடும். சந்தியாகப்பர் குதிரை மேல் உட்கார்ந்திருக்கிற சுரூபம், குதிரையும் சேர்த்து முழுசும் பர்மா தேக்கு. அந்தச் சப்பரத்துக்கு இரண்டு தண்டு, தண்டுக்கு ஆறு பேர், முன்னால் மூன்று, பின்னால் மூன்று, ஆகப் பன்னிரண்டு பேர். இருபத்தொரு வயது ஆன ஆண்பிள்ளையைக் கோயிலின் தென்சுவரில் முதுகு ஒட்ட நிறுத்தி, சுவரில் கிழித்திருக்கிற சிவப்புக் கோட்டுக்கு நேராகத் தோள் வருகிறதா என்று உபதேசியார் கைவைத்துப் பார்ப்பார், வந்தால் அவன் தூக்குகிறவன், வராவிட்டால் மெழுகுதிரி பிடிக்கிறவன். தூக்குகிறவன் வீட்டுக்குப் பெண் கொடுக்க நான் முந்தி நீ முந்தி என்று வருவார்கள். ஒரு தரம் அளந்தவனை மறுபடி அளப்பது கிடையாது. வளர்ந்த ஆம்பிளை குட்டையாவானா என்று புன்னைத்துறையில் எவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை, இத்தனை பேர் கூனிக் குறுகிச் சாவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தோன்றவில்லை.

மூன்று திருவிழாவுக்கு முன்னால், சப்பரம் எழும்பியபோது, பெர்க்மான்ஸின் தோளில் தண்டு உட்காரவில்லை. நடுவில் ஒரு விரல் போகிற இடைவெளி இருந்தது. அடுத்த வருஷம் இரண்டு விரல். அவர் என்ன செய்தார் தெரியுமா, கையை உயர்த்தித் தண்டைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, முகத்தைப் பாரம் சுமக்கிறவன் முகமாக வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார். வேர்த்து ஊற்றியது. அந்த வேர்வை மட்டும் நிஜம், அது வெட்கத்தில் வந்த வேர்வை. அவர் தூக்காத பாரம் அந்தரத்திலா நின்றது, அவருக்குப் பின்னால் மூன்றாம் ஆளாக நின்ற கஸ்பாரின் தோளுக்குப் போனது. கஸ்பார் வேறு யாரும் இல்லை, செலினுக்கு உடன்பிறந்த தம்பி, ஐம்பத்திரண்டு வயது, இன்னும் கோட்டுக்குச் சரியாக நிற்கிற உடம்பு. போன திருவிழா முடிந்ததிலிருந்து அவனுக்கு இடது இடுப்பில் பிடித்த வலி, பின்தொடை வழியாகக் கெண்டைக்கால் வரைக்கும் கம்பி இழுத்த மாதிரி இறங்கிக்கொண்டே இருந்தது.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த பெர்க்மான்ஸ் நேராகக் கஸ்பார் வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு மெற்றில்டா மகளுக்கு நிச்சயதார்த்தம், பந்தலில் மாப்பிள்ளை வீட்டார் கையைப் பிடித்து இழுத்து, குழிந்த பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். எழுந்தபோது குழி நிறையத் தண்ணீர். மாப்பிள்ளையின் பெரியப்பா வேறு பக்கம் பார்த்துக் கனைத்தார். செலின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெர்க்மான்ஸுக்கு அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மெற்றில்டாதான் துணியோடு வந்தாள், நாற்காலியைக் கவிழ்க்கப் போய்த் தண்ணீரில் கைபட, கையை எடுத்து ஒரு நிமிஷம் பார்த்தாள், மோந்தாள், பிறகு தன் முழங்காலில் தடவிக்கொண்டாள். அவள் முழங்கால் ஆறு வருஷமாக மடங்காத முழங்கால். மடங்கியது. எப்படி மடங்கியது என்று என்னைக் கேட்காதீர்கள், மகளுக்கு வரன் அமைந்த சந்தோஷத்தில்கூட மடங்கியிருக்கும்.

"சப்பரம் சொமந்த முதுகுலருந்து வாரது, சும்மா தண்ணியா வரும்? சந்தியாகப்பர் தீர்த்தம் தாராரு," என்றாள் மெற்றில்டா, ஊருக்கே கேட்கிற குரலில்.

பெர்க்மான்ஸ் வாயைத் திறந்தார். இது ஜவ்வு வற்றுகிற தண்ணீர் என்று சொன்னால், குட்டையாகிவிட்டேன் என்று சொல்ல வேண்டும், அதைச் சொன்னால் தண்டு தோளில் படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், ஒரு நூலை இழுத்தால் வலை மொத்தமும் கையோடு வந்துவிடும். திறந்த வாயை மூடிக்கொண்டார். மூத்திரம் என்று சொல்லாமல் தீர்த்தம் என்றார்களே, அதுவே போதும் என்று ஒரு நிம்மதிகூட வந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் பிறகு அவர் ராப்பகலாகக் கூசினார்.

ஊர் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்ட வேகத்தைச் சொல்ல வேண்டும். ஒரே வாரத்தில் பிரம்பு நாற்காலிக்கு நடுவில் ஓட்டை போட்டு, அடியில் பித்தளைச் சட்டி வைத்து, பெர்க்மான்ஸ் வீட்டு முற்றத்தில் ஓலைக் கொட்டகை கட்டி, காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரைக்கும் என்று நேரம் குறித்து, முதலில் கைக்குழந்தைக்காரிகள், பிறகு கடலுக்குப் போகிறவர்கள், பிறகு வெளியூர்க்காரர்கள் என்று வரிசையும் போட்டுவிட்டார்கள். பங்குச் சாமியார் பிரசங்கத்தில் அதை நம்பு என்றும் சொல்லவில்லை, நம்பாதே என்றும் சொல்லவில்லை, பாட்டிலை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார். ஐஸ் கம்பெனி ஆபரேட்டர் ஒருவர் சோதித்துப் பார்த்துவிட்டு, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு இவ்வளவு சுத்தமான தண்ணீர் கடையில் கிடைக்காது என்று ஒரு கேன் கேட்டார். கருவாடு வாங்க வருகிற வியாபாரி கண்ணில் விட்டுக்கொண்டார். கேட்டது கிடைத்தவர்கள் சொல்லித் திரிந்தார்கள், கிடைக்காதவர்கள் தங்களிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். பெர்க்மான்ஸ் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்து, எழுந்து, வருகிறவர்கள் கையை முத்தி செய்து கண்ணில் ஒற்றும்போதெல்லாம் மண்ணைப் பார்த்தார்.

அந்த வரிசையில் கஸ்பாரும் வந்தான். முதல் நாள் அவனைக் கண்டதும் பெர்க்மான்ஸுக்கு உடம்பு முழுக்கச் சூடாகிவிட்டது. கஸ்பார் ஒரு சோடா பாட்டிலை நீட்டினான், வாங்கினான், அங்கேயே திண்டாடி ஒரு பலகையில் உட்கார்ந்தான், பாதியைக் குடித்தான், பாதியை இடுப்பில் தேய்த்தான், தேய்த்துவிட்டு அத்தானின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "எப்படி இருக்கு மாப்ள?" என்று பெர்க்மான்ஸ் கேட்டார். "இருக்கு அத்தான்," என்றான். மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும். வலி கெண்டைக்காலைத் தாண்டிப் பாதத்துக்கு இறங்கியது என்று செலின் சொன்னாள். பாதி கால் மரக்கட்டை மாதிரி இருக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போடா என்றால் அத்தான் தண்ணீர் இருக்கிறதே என்கிறான் என்று சொன்னாள். நரம்பு காத்துக்கிட்டு இருக்காது என்று டாக்டர் சொன்னது பெர்க்மான்ஸின் காதில் தினமும் ஒலித்தது, தினமும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார், தினமும் செலின் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள். இப்படி நாற்பது நாள். ஒரு மனுஷன் தன் மானத்தைக் காப்பாற்ற மச்சினன் காலைக் கொடுத்தான் என்று ஊர் பின்னால் சொன்னது, அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

நாற்பதாம் நாள் பதினோரு மணி வெயிலில் கஸ்பார் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படி இறங்கினான். இடது செருப்பு படியிலேயே நின்றுவிட்டது. அவன் அது தெரியாமல், கொதிக்கிற மணலில் வெறுங்காலை இழுத்து இழுத்து ஆறேழு எட்டு நடந்துவிட்டான்.

"மாப்ள," என்று கூப்பிட்டார் பெர்க்மான்ஸ். "ஒன் செருப்பு."

கஸ்பார் திரும்பிச் செருப்பைப் பார்த்தான், பிறகு தன் காலைப் பார்த்தான்.

"பெருவெரலத் தூக்கு மாப்ள."

கஸ்பார் குனிந்து பார்த்தான். முகத்தில் நரம்பு புடைத்தது, தொடை நடுங்கியது, பெருவிரல் மட்டும் யார் வீட்டு விரலோ என்று மணலில் கிடந்தது. பெர்க்மான்ஸ் நாற்காலியை விட்டு எழுந்தார், சட்டியை எட்டி உதைத்தார், வரிசையில் நின்ற எட்டுப் பேருக்கும் முன்னால் பேசினார்.

"இது தீர்த்தமும் இல்ல, மயிரும் இல்ல. என் முதுகு வத்துற தண்ணி. ஆஸ்பத்திரில சொல்லி ரெண்டு மாசம் ஆச்சு. நான் ரெண்டு அங்குலம் குட்டையாயிட்டேன். மூணு வருசமா தண்டு என் தோள்ல படல. சும்மா கையைத் தூக்கிக்கிட்டு நடந்தேன். என் பாரத்தையும் நீதான் மாப்ள சொமந்த. ஒன் காலு இப்படிப் போனா ஒடனே வரணும்னும் அந்த அம்மா சொன்னாங்க. அதையும் நான் ஒன்கிட்ட சொல்லல."

வரிசைக் கடைசியில் நின்ற வெளியூர்க்காரி, "அப்போ இன்னைக்குத் தண்ணி உண்டா, இல்லையா?" என்று கேட்டாள். கஸ்பார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆட்டோவக் கூப்பிடுங்க அத்தான்," என்றான்.

டாக்டர் வஹீதா விரலைத் தொட்டுப் பார்த்த கையோடு ஜில்லா ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார், ஸ்கேன் எடுத்தார்கள், மறுநாளே முதுகைத் திறந்து நரம்பில் ஏறி உட்கார்ந்திருந்த ஜவ்வுத் துண்டை எடுத்தார்கள். வலி அன்றைக்கே போய்விட்டது. விரல் எழும்புமா என்று பெர்க்மான்ஸ் கேட்டதற்கு, "வரலாம், வராமலும் போகலாம், மாசக் கணக்காகும். மரத்துப்போன முதல் வாரத்திலேயே கூட்டிட்டு வந்திருந்தா தைரியமா சொல்லியிருப்பேன்," என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர். பெர்க்மான்ஸ் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்காராமல் நின்றார். தண்ணீருக்காக இல்லை. உட்கார்ந்தால் செலின் பக்கத்தில் உட்கார வேண்டும், அவள் நகர்ந்து உட்கார்ந்துவிடுவாளோ என்று பயம்.

கொடியேற்றத்தன்று பூசை முடிந்ததும் பெர்க்மான்ஸ் தென்சுவரில் போய் நின்றார். "என்னை அளந்து பாரும்," என்றார். உபதேசியார் லாசர் தயங்கித் தயங்கிக் கைவைத்தார். கோட்டுக்கு இரண்டு விரல் கீழே. சனம் ஏதாவது சொல்லும், காறித் துப்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றவர், ஒன்றும் கேட்காததால் கண்ணைத் திறந்தார். வலது தண்டில் பெர்க்மான்ஸுக்கு முன்னால் நிற்கிற முதல் ஆள் தொம்மை, அறுபத்து மூன்று வயது, சட்டையைக் கழற்றிக்கொண்டு வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர். தொம்மை மூன்று விரல் கீழே. அளந்து முடித்தபோது பன்னிரண்டு பேரில் ஏழு பேர் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். ஏழு பேரும் வருஷக் கணக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு, கையைத் தூக்கிக்கொண்டு, அடுத்தவனுக்குத் தெரிந்துவிடுமோ என்று வேர்த்து வேர்த்து நடந்திருக்கிறார்கள்.

"அப்போ இத்தன வருசமா சந்தியாகப்பர யாருவே தூக்குனா?" என்று உபதேசியார் கேட்டார். முன்பக்கம் வலது தண்டில் தொம்மையும் இல்லை, பெர்க்மான்ஸும் இல்லை, கஸ்பார் ஒருத்தன்தான் என்று எல்லோருக்கும் கணக்கு வந்தது. ஏழு ஆம்பிளைகளும் சட்டையைப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். கோட்டைக் கொஞ்சம் இறக்கிக் கிழித்தால் என்ன என்று ஒருவர் முனகினார், அவர் பெண்டாட்டி முறைத்த முறைப்பில் அடங்கினார். இனி வருஷா வருஷம் அளப்பது என்றும், காலியான இடத்துக்கு இளவட்டங்களை அளந்து எடுப்பது என்றும் முடிவானது.

திருவிழா நாள் காலையில் ஆறு பேர் மெழுகுதிரி பிடித்துப் போனார்கள். பெர்க்மான்ஸ் போகவில்லை, கஸ்பார் வீட்டுக்குப் போனார். கஸ்பார் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தான், இடது காலில் டாக்டர் கொடுத்த பிளாஸ்டிக் பட்டை. தினமும் அந்த நேரத்துக்கு அவர்தான் வந்து, காலை மடியில் வைத்துப் பயிற்சி கொடுப்பார். அவர் எண்ணுவார், கஸ்பார் விரலைத் தூக்கப் பார்ப்பான், பத்து எண்ணியும் எழும்பாது, மறுபடி எண்ணுவார்கள். அன்றைக்கும் எண்ணினார்கள். தெருமுனையில் வெடிச் சத்தமும் பாண்டு வாத்தியமும் கேட்டது.

"ஒண்ணு கேக்கட்டுமா மாப்ள? ஒனக்கு எம்மேல கோவம் இல்லையா?"

"பின்னால நிக்கிறவன் எதைப் பாத்துக்கிட்டு நடப்பான் அத்தான்?" என்றான் கஸ்பார். "முன்னால நிக்கிறவன் தோளத்தான். மூணு வருசமும் ஒங்க தோளப் பாத்துக்கிட்டுத்தான் நடந்தேன்."

பெர்க்மான்ஸின் கை அந்தக் காலின் மேல் அப்படியே நின்றது. "தெரிஞ்சுமா தண்ணி குடிக்க வந்த?"

"தண்ணிக்கா வந்தேன்? தெனமும் ஒங்க மூஞ்சிக்கு எதிர வந்து உக்காந்தா, என்னைக்காவது ஒருநாள் நீங்களா சொல்லிருவீங்கன்னு வந்தேன். நாப்பது நாள் உக்காந்து பாத்தேன். எனக்கும் வீம்பு, விடல."

பெர்க்மான்ஸால் தலையைத் தூக்க முடியவில்லை. ஊர் முன்னால் நின்று அளந்தபோதுகூட இவ்வளவு வெட்கம் வரவில்லை. அழுதார், மூக்கைச் சிந்தினார், மறுபடி அழுதார். அழுது முடியட்டும் என்று கஸ்பார் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தான். சப்பரம் தெருவுக்குள் திரும்பிவிட்டது.

"எந்திரிங்க. வாசல் வரைக்கும் நடக்கணும்."

பெர்க்மான்ஸ் எழுந்து பக்கத்தில் நின்றார். கஸ்பார் அவர் தோளில் கையை ஊன்றி எழுந்தான், இடது காலை நம்பாமல், உடம்பு மொத்தத்தையும் அந்தத் தோளில் போட்டு நின்றான். இரண்டு எட்டு வைத்தார்கள்.

"பாரமா இருக்கா அத்தான்?"

"இருக்கு மாப்ள."

"இருக்கட்டும்," என்றான் கஸ்பார்.